வேகப் பெட்டியும் இரண்டு சந்தேகப் பேர்வழிகளும்

நெவேனாவின் அப்பா ரதிசாவுக்கு முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும், கழுத்து பிடித்துக்கொண்டாலும், "எந்த ஜன்னல் திறந்திருந்துச்சு?" என்றுதான் கேட்பார். வால்யெவோ ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அப்பா கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அடுத்த சந்தேகம் ஓப்ரென் மாமாவின் மேல்.

அம்மாவின் தம்பி ஓப்ரென் ஓர் எலக்ட்ரீஷியன். அப்பாவின் பழைய மரக்கடைசல் எந்திரத்துக்குப் போன வாரம்தான் அவர் ஒரு வேகப் பெட்டி பொருத்தியிருந்தார். முன்பெல்லாம் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் எந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வேறு சக்கரத்தில் மாட்ட வேண்டும். இப்போது பெட்டியில் இருக்கும் குமிழைத் திருகினால் போதும், மோட்டாரே மெதுவாகச் சுற்றும். பெரிய மரக்கிண்ணம் கடைய அந்த மெதுவான ஓட்டம்தான் வேண்டும்.

இரண்டு நாள் அப்பா வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். மூன்றாம் நாள் மோட்டாரிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. தொட்டுப் பார்த்த அப்பா, "ஐயோ!" என்று கையை உதறினார்.

"பாத்தியா நெவேனா? உங்க மாமா எங்கயோ பழைய சாமான் கடையில பொறுக்கினதை என் தலையில கட்டிட்டான்!"

மாமா வந்தார். மோட்டாரை முகர்ந்தார். அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பெட்டி புத்தம் புதுசு அத்தான். நீங்கதான் மோட்டாரை என்னமோ பண்ணியிருக்கீங்க."

"நானா? நான் சின்னப் பையனா இருந்தப்பலேருந்து ஓடுற மோட்டார்டா இது! உன் கை பட்டதும் கெட்டுப்போச்சு!"

"அப்படியா? நாளைக்கே வந்து பெட்டியைக் கழட்டிட்டுப் போறேன். அதுக்கப்புறம் இந்த வாசப்படியை மிதிச்சேன்னா ஏன்னு கேளுங்க!"

நெவேனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் ஆண்டுத் திருநாள். அதற்கு யாரையும் அழைக்கும் வழக்கம் கிடையாது. நம்ம வீடு என்று நினைப்பவர்கள் தாங்களாகவே வருவார்கள். மாமா வராவிட்டால், போய்க் கூப்பிடவும் முடியாது. மாமா இல்லாத திருநாளா? நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

"மாமா, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க மாமா."

"உனக்காக. ஒரே ஒரு தடவை."

மறுநாள் மாமா வருவதற்கு முன்பே அப்பா அவளை ஓரமாக இழுத்தார். "உங்க மாமா கையையே பாத்துக்கிட்டு இரு. திருட்டுத்தனமா எதையாச்சும் முடுக்குறானான்னு பாரு."

அப்பா காப்பி கொண்டுவரப் போனதும் மாமா அவள் காதருகே குனிந்தார். "உங்க அப்பா மேல ஒரு கண்ணு வையி. மோட்டார்ல ஏதாச்சும் கைவரிசை காட்டப்போறாரு."

நெவேனா இருவருக்கும் தலையாட்டிவைத்தாள். யாரை உளவு பார்ப்பது? பேசாமல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமா மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டார். அதன் பின்பக்கம் சல்லடை போல ஒரு மூடி இருந்தது. எங்கிருந்தோ ஒரு மரச்சுருள் பறந்து வந்து அதில் ஒட்டிக்கொண்டது. மாமா வேகத்தைக் குறைத்தார். சுருள் கீழே விழுந்துவிட்டது.

நெவேனா அதை எடுத்து மறுபடி மூடியில் வைத்தாள். ஒட்டவில்லை.

"மாமா, வேகத்தைக் கூட்டுங்க!"

கூட்டினார். ஒட்டிக்கொண்டது!

"இந்த மூடிக்குள்ள என்ன மாமா இருக்கு?"

"சின்ன விசிறி. மோட்டாரோட சேர்ந்து சுத்தும். காத்தை உறிஞ்சி மோட்டார் மேல ஊதும், சூடு ஏறாம இருக்க..." மாமா பாதியில் நிறுத்திவிட்டார்.

"மோட்டார் மெதுவாச் சுத்தினா விசிறியும் மெதுவாத்தானே சுத்தும்? அதுக்குக் காத்து பத்தல மாமா. புழுங்குது!"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "முன்னாடி பெல்ட்டை மாத்தினாலும் மோட்டார் முழு வேகத்துலதான் ஓடுச்சு. இதை நான் யோசிக்கவே இல்லையே! என் வண்டியில தனி விசிறி ஒண்ணு இருக்கு, வெச்சுடுறேன்."

காப்பியோடு வந்த அப்பா பதறிப்போனார். "விசிறியா? என் பட்டறையிலயா? டிசம்பர் மாசத்துலயா? ரெண்டு பேரும் சேந்து என்னைத் தீத்துக்கட்டப் பாக்குறீங்களா?"

"உங்களுக்கு இல்லப்பா, மோட்டாருக்கு!" நெவேனா ஓர் அகலமான பலகையை இழுத்துவந்து நடுவில் நிறுத்தினாள். "இங்க நில்லுங்க. ஒரு பொட்டுக் காத்து உங்க மேல படாது."

அப்பா கழுத்துத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பலகைக்குப் பின்னால் நின்றார். மாமா பொருத்திய விசிறி ஓடியது. மோட்டார் மெதுவாகச் சுற்றியது. அங்கே நின்றபடியே அப்பா ஒரு பெரிய கிண்ணத்தைக் கடைந்து முடித்தார்.

பிறகு அப்பா ஒரு விரலால் மோட்டாரைத் தொட்டார். அப்புறம் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"வெதுவெதுன்னுதான் இருக்கு," என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "பெட்டி நல்ல பெட்டிதான்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"மோட்டாரையும் நல்லாத்தான் வெச்சிருக்கீங்க," என்றார் மாமா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை. மாமா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப்போனார். நெவேனா வாசலில் நின்று அவர் வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை. மேசையில் ரொட்டி மட்டும்தான் வந்திருந்தது. அம்மா இன்னும் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. நெவேனா ஓடுவதற்குள் அப்பா முந்திக்கொண்டு போய்த் திறந்தார்.

வாசலில் ஓப்ரென் மாமா நின்றிருந்தார். விருந்தாளிகளில் அவர்தான் முதல் ஆள்.

அப்பா அவரைத் தோளோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டே கேட்டார்:

"ஏன்டா வர்றதுக்கு இவ்வளவு நேரம்?"