காமா டாக்டருக்கு யார் போட்ட ஊசி?

கீ... கீ... கீ... கீ...!

அலறியது மனிதன் அல்ல. மீட்டர்!

பெரிய டாக்டர் கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றார்.

அது கதிர்வீச்சை மோப்பம் பிடிக்கும் கருவி. ஊசி மருந்து தயாரிக்கும் அந்தச் சின்ன அறையின் மேஜை மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும். எதையாவது கொட்டினால் ஒழிய வாயைத் திறக்காது.

"டேய் ஒட்டடை! என்னத்தடா கொட்டின?"

உள்ளே இருந்த டெக்னீஷியன் நிமிர்ந்தான். நிமிர்ந்தால் ட்யூப்லைட்டில் தலை இடிக்கும் உயரம். பக்கவாட்டில் திரும்பினால் ஆளே காணாமல் போகிற ஒல்லி. ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்றுதான் பெயர்.

"ஒண்ணும் கொட்டல சார். நீங்க வர்ற வரைக்கும் அது சும்மாதான் சார் இருந்துச்சு."

"அப்ப என்னைப் பார்த்துட்டு வணக்கம் சொல்லுதா?"

டாக்டர் பின்னால் ஓர் அடி வைத்தார்.

மீட்டர் அடங்கியது.

முன்னால் ஓர் அடி.

கீ... கீ... கீ...!

பின்னால். அமைதி. முன்னால். அலறல்! வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, டாக்டர் டான்ஸ் பழகுகிறார் என்று நினைத்து மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் பாய்ந்து மீட்டரைக் கையில் எடுத்தார். மேஜை மேல் காட்டினார். முணுமுணுப்பு. தரையில் காட்டினார். முணுமுணுப்பு. ஒட்டடைக்குச்சியின் மேல் காட்டினார். காட்ட அதிக இடம் இல்லை. அங்கேயும் முணுமுணுப்புதான்.

மெதுவாக... தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினார்.

மீட்டரின் முள் கடைசி வரைக்கும் போய், அதற்கு மேல் போக வழியில்லாமல் துடித்தது!

"டேய்..." டாக்டரின் குரல் உடைந்தது. "எனக்குள்ள எதையோ ஏத்திட்டாங்கடா!"

இன்ஸ்பெக்டர் வந்தபோது அந்தக் கதிர்வீச்சுப் பிரிவே வாசலில் கூடியிருந்தது.

"யாருக்குய்யா ஆபத்து?"

"காமா டாக்டருக்கு சார்."

காமா என்பது ஒரு கதிரின் பெயர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதோடுதான் பெரிய டாக்டருக்கு வேலை. தவிர, காமாசோமாவென்று யாராவது வேலை பார்த்தால் அவர் போடுகிற கூச்சல் மூன்று மாடிக்குக் கேட்கும். இரண்டு வகையிலும் பெயர் பொருந்திவிட்டது.

இன்ஸ்பெக்டர் அறைக்குள் வந்தார். மீட்டரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். எதிர்ச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார்.

"ஏன் சார் அவ்வளவு தள்ளி நிக்கறீங்க?"

"ஒரு மரியாதைதான் டாக்டர். எப்ப நடந்துச்சு?"

"காலையில ஸ்டாஃபுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை. ஒரு நர்ஸ் என் ரூமுக்கு வந்தா. கையை நீட்டினேன். அப்பத்தான் ஏத்தியிருக்கணும்!"

"மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

டாக்டர் தலையைக் குனிந்தார்.

"பாக்கல."

"எதிர்ல நின்ன ஆளைப் பாக்கலையா?"

"மாஸ்க் போட்டிருந்தா. அதுவும் தவிர... நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கிட்டேன்."

"ஏன்?"

டாக்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒட்டடைக்குச்சி சொன்னான். "சாருக்கு ஊசின்னா பயம் சார்."

"டேய்!"

"ஊருக்கெல்லாம் ஊசி போடறவரு..." இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தார். "சரி, வேற ஏதாவது? குரல்? வாசனை?"

"பேசவே இல்ல. குத்தறதுக்கு முன்னாடி தோள்ல ரெண்டு தட்டு தட்டினா. 'ஹோ... ஹோ... ஹோ...'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். புது நர்ஸ் போலன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டரின் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

"ஹோ ஹோவா?"

"ஹோ ஹோதான்."

"உங்க மேல யாருக்காவது கோபம் உண்டா டாக்டர்?"

"எதுக்குக் கோபம்? நான் யாரையாவது ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்கேனா?" என்று டாக்டர் போட்ட கத்தலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கத்தி முடித்ததும் இடது நெஞ்சை நீவிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

இன்ஸ்பெக்டர் வராந்தாவை எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர்கூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லோருமே குற்றவாளி மாதிரி இருந்தார்கள்!

"சரி, உள்ளே போனது என்ன மருந்து?"

"அதுதான் சார் பிரச்சினையே!" டாக்டர் ஈய டப்பாக்கள் இருந்த தட்டைக் காட்டினார். "இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு படம் எடுக்கறதுக்கு. ரத்தத்தோட போய் இதயத்துச் சதையில ஒட்டிக்கும். ரத்தம் நல்லா ஓடற இடத்துல நல்லா ஒட்டும், ஓடாத இடத்துல ஒட்டாது. அங்கேயிருந்து வர்ற கதிரை கேமரா பிடிச்சுப் படமாக் காட்டும். பொம்பளைங்களுக்கு மார்புல கட்டி இருக்கான்னு பாக்கறதுக்கும் இதே மருந்துதான்."

"ரெண்டு வேலைக்கு ஒரே ஆளா? பாவம். ஆபத்து?"

"துளிகூடக் கிடையாது. ஆறு மணி நேரத்துல பாதி கரைஞ்சிடும். அடுத்த ஆறு மணி நேரத்துல மிச்சத்துல பாதி."

"என் சம்பளம் மாதிரி. இன்னொரு ஜாதி?"

டாக்டர் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அது வைத்தியத்துக்கு. கழுத்துலயோ எலும்புலயோ போய்த் தங்கிக் கட்டியைக் கருக்கறது. தேவையில்லாத ஆளுக்கு ஏத்தினா... உள்ளேயிருந்து அவனையே கருக்கிடும்!"

அறையில் சத்தமே இல்லை. மீட்டரைத் தவிர.

"இப்ப எது காணோம்?" இன்ஸ்பெக்டர் ஒட்டடைக்குச்சியிடம் திரும்பினார்.

"தெ... தெரியல சார். மீட்டர் கத்தின உடனே பெரிய டாக்டர் எல்லா டப்பாவையும் திறந்து, மூடியை மாத்தி மாத்திப் போட்டுட்டாரு சார்."

"நானா? நானா காமாசோமான்னு மூடினேன்?"

"நீங்கதான் சார்."

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். எலும்பு குத்தியது. எடுத்துவிட்டார்.

"தம்பி. டப்பா உன் பொறுப்பு. சாவி உன் இடுப்புல. இவருக்கு ஏதாவது ஆச்சுன்னு வை... உனக்கு உள்ளேதான் சாப்பாடு. யாருக்கு எடுத்துக் குடுத்த?"

ஒட்டடைக்குச்சி வாயைத் திறந்தான். வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சொல்ல மாட்டேன் சார்."

"ஓஹோ!"

"ஆனா எது உள்ள போச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சாரை கேமராவுக்குக் கீழ படுக்க வைங்க. இதயம் தெரிஞ்சா... படம் எடுக்கற மருந்து."

"தெரியலன்னா?"

அவன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கேமரா அறை குளிர்ந்து கிடந்தது. இரண்டு பெரிய தட்டுகள், நடுவே ஒரு குறுகிய படுக்கை. எத்தனையோ பேரை அதில் படுக்க வைத்த டாக்டர், முதல்முறையாகத் தானே ஏறினார். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். யாரோ துப்பாக்கி காட்டி மிரட்டியது போல இருந்தது.

"ஆடாம படுங்க சார். மூச்சு சாதாரணமா விடுங்க."

"அதை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்டா!"

"பேசாதீங்க சார்."

"இதையும் நான்தான்டா..."

"சார்!"

தட்டுகள் அவர் நெஞ்சைச் சுற்றி மெல்ல நகரத் தொடங்கின. கட... கட... கட...

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் நகத்தைக் கடித்தார். திரை கறுப்பாக இருந்தது. ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. எறும்பு மாதிரி எங்கிருந்தோ ஊர்ந்து வந்து கூடின.

கழுத்துப் பக்கமா? இல்லை.

எலும்பிலா? இல்லை.

இடது நெஞ்சில்... ஓர் உருவம்!

"இதயம்!" ஒட்டடைக்குச்சி கத்தினான். "சார், இதயம் தெரியுது சார்! படம் எடுக்கற மருந்துதான்!"

படம் முடிந்து டாக்டர் படுக்கையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பழைய கம்பீரம் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்? கொல்ல வந்த முட்டாளுக்கு எந்த மருந்துல ஆள் சாவான்னுகூடத் தெரியல! ஒழுங்காப் படிக்காம கொலை பண்ண வந்துடறானுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. அவனைப் பிடிங்க, நானே ஒரு வாரம் பாடம் எடுக்கறேன்!"

சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக்குள் நுழைந்தார். அங்கே பெரிய திரையில் ஓர் இதயத்தைக் குறுக்கே வெட்டிய படம் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. முழு வளையமாக ஒளிர வேண்டிய இதயம். ஆனால் வளையத்தில் ஒரு பக்கம் இருட்டு. யாரோ கடித்து எடுத்தது போல!

டாக்டரின் சிரிப்பு நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரைக்குக் கிட்டே போனார்.

"டேய் ஒட்டடை! இது எந்தப் பேஷன்ட்?"

"சார்..."

"முன்பக்கம் ரத்தமே போகல பாரு! சும்மா படுத்திருக்கும்போதே இப்படின்னா, மாடி ஏறினா ஆள் காலி! இவரை எங்க உக்கார வச்சிருக்க? முதல்ல ஹார்ட் டாக்டரைக் கூப்பிடு! இந்த ஆளை ஒரு அடிகூட நடக்க விடாத!"

ஒட்டடைக்குச்சி சத்தம் இல்லாமல் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். டாக்டருக்குப் பின்னால் நிறுத்தினான்.

"விடல சார். உக்காருங்க."

டாக்டர் திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், சின்ன வயசுல எங்க வீட்ல ரெண்டு மாடு இருந்துச்சு. ஊசி போட வர்றவரு முதல்ல அதும் தோள்ல ரெண்டு தட்டு தட்டுவாரு. 'ஹோ... ஹோ...'ம்பாரு. அது அசையாம நிக்கும்."

"அதுக்கு?"

"உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்கறாங்க?"

டாக்டரின் வாய் திறந்தது.

"கால்நடை... டாக்டர்..."

வராந்தாக் கூட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். தொப்பியை எடுத்தாள். மாஸ்க்கை இறக்கினாள். படம் எப்படி வருமோ என்று காலையிலிருந்து அங்கேயே நின்றவள்! கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"நான்தான் சார் போட்டேன். பிடிச்சுக்கிட்டுப் போங்க."

"நீயா?" டாக்டர் எழப் பார்த்தார். ஒட்டடைக்குச்சி தோளைப் பிடித்து அமுக்கினான்.

"பின்ன? மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நின்னீங்க. கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"வெறும் கேஸ்னு சொன்னேன்..."

"கேஸா இல்லையான்னு நான்தான் சார் சொல்லணும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எத்தனை தடவை கெஞ்சினேன்? ஒரே ஒரு படம் எடுத்துக்கங்கன்னு. 'இதயத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா'ன்னு எரிஞ்சு விழுந்தீங்க. ஹார்ட் டாக்டர்கிட்ட அழுதேன். அவரும், 'நான் எழுதித் தர்றேன், அந்த மனுஷனை நீங்க பிடிச்சு நிறுத்தினா போதும்'னாரு. பிடிச்சு நிறுத்தறதுதானே சார் என் தொழில்?"

"அதுக்காக மாட்டுக்குப் போடற மாதிரியாடி போடுவ?"

"மாடு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்காதுங்க."

ஒட்டடைக்குச்சி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மார்புப் படம் எடுக்க வர வேண்டிய அம்மா இன்னிக்கு வரல சார். அவங்களுக்குத் தயார் பண்ண டோஸ் அப்படியே இருந்துச்சு. வீணாப் போனா உங்களுக்குப் பிடிக்காதேன்னு..."

"கொலைகாரா!" என்றார் டாக்டர். குரலில் கோபத்தைத் தேட வேண்டியிருந்தது.

அதற்குள் ஹார்ட் டாக்டர் ஓடி வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலி பறந்தது!

மறுநாள் இன்ஸ்பெக்டர் வார்டுக்குள் எட்டிப் பார்த்தபோது, காமா டாக்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். இதயத்தில் ஏறக்குறைய அடைத்தே போயிருந்த பெரிய ரத்தக் குழாயைத் திறந்து, உள்ளே ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருளை வைத்துவிட்டார்கள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. பக்கத்தில் மனைவி போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இனிமே பயம் இல்லையாமே டாக்டர்? ஹார்ட் டாக்டர் சொன்னாரு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, எனக்கு நிஜமாவே பாடி கிடைச்சிருக்குமாம்." இன்ஸ்பெக்டர் இந்த முறை கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப அந்தப் புகாரை என்ன பண்ணலாம்?"

"கிழிச்சுப் போடுங்க சார். ஆனா ஒண்ணு!" டாக்டரின் குரல் மறுபடி மூன்று மாடிக்கும் கிளம்பியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, எனக்கே டோஸ் குடுத்துட்டா சார் இவ! எவ்வளவு தைரியம் இருந்தா குடுப்பா? நீங்களே கேளுங்க!"

மனைவி போர்வையை அவர் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தினமும்தாங்க உங்களுக்கு டோஸ் குடுக்கறேன்... இந்த ஒண்ணுதான் இதயம் வரைக்கும் போயிருக்கு!"