கறுப்புத் தண்ணீர்... கொஞ்சம் உப்பு!

"அய்யோ... ஆள் மிதக்குது! ஓடியாங்க!"

குளத்தங்கரை கூட்ட வந்த சிகப்பி போட்ட அலறலில் செம்பனை எண்ணெய் ஆலையே திரண்டு ஓடி வந்தது.

மலேசியா. கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட். 1980.

ஆலைக் கழிவு நுரைத்துக் கிடந்த குளத்தில் குப்புற மிதந்தான் மோரிஸ். ஆலை லேப்பில் வேலை பார்த்தவன். முப்பது வயதுகூட ஆகவில்லை, பாவி!

போலீஸ் சார்ஜன் ஏசுதாசன் மூக்கைப் பொத்திக்கொண்டு சடலத்தைக் கரையேற்றினார்.

பின்மண்டையில் காயம்!

"குதிக்கும்போது கல்லு பட்டிருக்கும் லா," என்றார் பெரிய கிராணி தர்மலிங்கம். ஆலைக் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். "வீட்ல சண்டையாம். சாவப் போறேன்னு நேத்தே பொலம்பினான்."

"யார்கிட்ட?"

"என்கிட்டத்தான்."

பெரிய கிராணி வாயைத் திறந்தால் எஸ்டேட்டில் அதற்கு மறுபேச்சு ஏது? மத்தியானத்துக்குள் செய்தி மாதா கோயில்வரை போய்விட்டது.

தற்கொலை!

தற்கொலை என்றால் பூசை கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே, லாலான் புல்லுக்குள் ஒரு குழி... அவ்வளவுதான்!

மோரிஸின் வீட்டில் அவன் மனைவி லூர்து மேரி தலைவிரி கோலமாய் உட்கார்ந்திருந்தாள்.

"சார்ஜன் அண்ணே... சாமியார் மாட்டேங்கிறாரு. எம் புருஷன நாயப் பொதைக்கிற மாதிரி பொதைக்கச் சொல்றாங்க. எங்களுக்குள்ள சண்டையே இல்லண்ணே!"

ஏசுதாசனும் அதே கோயிலில் முட்டி போடுகிறவர்தான். சாமியாரிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று. 'கொலைன்னு நிரூபிச்சுட்டு வா, பூசை வைக்கிறேன்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் அவர்.

"மோரிஸுக்கு வேண்டாதவங்க யாராச்சும்...?"

"அவரு யார் வம்புக்கும் போவ மாட்டாருண்ணே. ஆத்தப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. புதுச் சட்டம் வந்திருக்காம். ஆலைக் கழிவு வரிசையா ஆறு குளத்துல நின்னு தெளிஞ்சாத்தான் ஆத்துல விடணுமாம். இங்க வெட்டினதே ரெண்டுதான். கருகருன்னு அப்படியே ஆத்துக்குப் போவுது. கீழ மலாய்க்காரங்க கம்போங்ல மீனெல்லாம் செத்து மிதக்குது!"

"அதுக்கு இவன் என்ன பண்ணினான்?"

"நேத்து ஆத்தோரக் குழாய்லயே ஒரு பாட்டில்ல புடிச்சிட்டு வந்து, காகிதத்துல சுத்தி வச்சாரு. சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அனுப்பணும்னாரு. காலைல இலாகா ஆபீஸ் இருக்கிற அலோர் ஸ்டார் போற லோரில நான்தான் குடுத்து விட்டேன். அப்புறந்தான் சிகப்பிக்கா கத்தினாங்க..."

சொல்லி முடிக்கவில்லை. வாசலில் கார் நின்றது.

இறங்கியவள் ரமணி. இலாகா அதிகாரி. கையில் அதே பாட்டில்!

"மோரிஸ் அனுப்பினது சார். மூடியில அவர் பேரு இருக்கு. தார் மாதிரி தண்ணி வருதுன்னு நேத்து போன்ல சொன்னாரு. ஆனா இதப் பாருங்க!"

பாட்டிலில் பளிங்குத் தண்ணீர்.

துக்கம் விசாரிக்க வந்திருந்த தர்மலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் சொன்னேனே! எங்க ஆலைத் தண்ணி சுத்தம்!"

"ஆலைத் தண்ணின்னு யார் சொன்னது?" ரமணி திருப்பிக் கேட்டாள். "மீட்டர் வச்சுப் பாத்தேன். உப்பு! இந்த ஊரு ஆத்துலயும் உப்பு இல்ல, குழாய்லயும் இல்ல. இது எங்கேருந்து வந்துச்சு?"

உப்பா?

ஏசுதாசன் விருட்டென்று எழுந்தார். சுவரில் திரு இருதயப் படம். அதன் கீழே பலகை. பலகையில் ஒரு கண்ணாடிப் பாட்டில்.

காலி!

"லூர்து மேரி... இதுல இருந்த தீர்த்தம் எங்கம்மா?"

"அய்யோ, நெறைய இருந்துச்சேண்ணே! ஈஸ்டருக்கு மந்திரிச்சது..."

"எங்க சாமியார் பழைய காலத்து ஆளு, மிஸ்," என்றார் ஏசுதாசன் ரமணியிடம். "தீர்த்தம் மந்திரிக்கிறப்ப ஒரு கை உப்பு போடுவாரு."

பிறகு லூர்து மேரி பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு யார் வந்தது?"

"பெரிய கிராணியார்தான்... மோரிஸ் நைட் ஷிஃப்ட் நிக்கிறான், காத்திருக்காதேன்னு சொல்லிட்டுப் போவ வந்தாரு. காப்பி கேட்டாரு. நான் அடுப்படிக்குப் போனேன்..."

நிறுத்தினாள்.

"அண்ணே... அவரு இங்க ஒக்காந்து காப்பி குடிச்சப்ப... எம் புருஷன் குளத்துலயா கெடந்தாரு?"

தர்மலிங்கம் வாசலைப் பார்த்தார். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள்!

"பாட்டில் காணாமப் போனா சந்தேகம் வரும்னுதான் தண்ணிய மாத்தினேன்..." கிராணியின் குரல் கிறீச்சிட்டது. "குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. அதத்தான் எடுத்து ஊத்தினேன். அதுல உப்பு போடுவீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்!"

"எதுக்குய்யா அவன அடிச்ச?"

"கெஞ்சினேன் சார்ஜன்! அனுப்பாதடா, ஆலைய மூடிடுவாங்கடான்னு கால்ல விழாத கொறையா கெஞ்சினேன். மூடினா எத்தன வீட்டு அடுப்பு அணையும்? கேக்கல. ஸ்பேனர் கையில இருந்துச்சு... எனக்காகவா செஞ்சேன்? எல்லார் சோத்துக்கும்தான்!"

ரமணிதான் மெல்ல வாயைத் திறந்தாள். முகத்தில் அப்படி ஒரு கசப்பு!

"ஆலைய மூட மாட்டாங்க, கிராணி."

"என்னா?"

"குளம் வெட்ட அவகாசம் கேட்டு உங்க மேனேஜர் மனு போட்டிருக்காரு. அதுவரைக்கும் இந்தக் கறுப்புத் தண்ணிய அப்படியே ஆத்துல விட லைசென்ஸும் வாங்கிட்டாரு. போன வாரமே! கோலாலம்பூர்லேருந்து நேரா உங்க ஆலைக்கு வந்திருக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். சட்டத்துலயே அதுக்கு எடம் இருக்கு. மோரிஸ் புடிச்ச தண்ணி அப்படியே வந்து சேர்ந்திருந்தாலும் என்னால ஒண்ணும் கிழிச்சிருக்க முடியாது!"

தர்மலிங்கம் தரையில் சரிந்தார்.

"என்கிட்ட... ஒரு வார்த்த... சொல்லலையே சார்ஜன்!"

"அப்போ எம் புருஷன் எதுக்குச் செத்தாரு?" என்று கேட்டாள் லூர்து மேரி.

ஏசுதாசன் பூசைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிச் சாமியாரிடம் ஓர் ஆளை ஓட விட்டார். இந்த அநியாயத்தில் அந்தப் பெண்ணுக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பிறகு கிராணியின் கையில் விலங்கை மாட்டினார்.

"ஆத்தக் கொல்றதுக்குத்தான் லைசென்ஸ் குடுக்கிறாங்க, கிராணியாரே. ஆளக் கொல்றதுக்கு இன்னும் மனு வாங்க ஆரம்பிக்கல... ஏறுங்க ஜீப்புல!"