பெயர் மறைத்த ஃபிலிம்

எக்ஸ்-ரே அறையின் போன் அலறியது.

மறுமுனையில் 'எலும்புச் சக்கரவர்த்தி', எலும்புப் பிரிவின் தலைமை டாக்டர். அந்தப் பட்டத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

"என் ஒய்ஃபை அங்க அனுப்பிட்டாங்களாமே? மாடிப்படியில விழுந்துட்டா, அவ்வளவுதான். படமெல்லாம் வேண்டாம். மாவுக்கட்டு போட்டு உட்கார வைங்க. நாலு மணிக்கு நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"சார், படம் எடுக்காம எப்படி..."

"எனக்கே பாடமா?"

டொக்.

எக்ஸ்-ரே அக்கா... அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்... திரும்பினாள். டாக்டரின் மனைவி இடது முன்கையை வலது கையில் ஏந்தியபடி நின்றிருந்தாள்.

"எப்படிம்மா விழுந்தீங்க?"

"படியில."

"எத்தனாவது படியில?"

டாக்டரின் மனைவி கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்ல மாடியே இல்லக்கா."

அறையில் குளிர் ஏறியது.

ஆறு வருடங்களுக்கு முன் இதே மேஜையில் எக்ஸ்-ரே அக்காவின் சொந்தத் தங்கை படுத்திருந்தாள். 'விழுந்துட்டேன்க்கா' என்றாள். இவள் படம் எடுத்தாள். எலும்பைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் தங்கை திரும்பி வந்தாள்... வெள்ளைத் துணிக்கு அடியில்.

அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் மேஜை காலியாக இருப்பதில்லை.

இப்போதும் இல்லை. மேஜை ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்து, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை.

"போலீஸுக்குப் போகலாம்மா."

"போய்? எலும்பு விஷயம்னா கோர்ட்டே அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்குது. அவர் 'விழுந்துட்டா'ன்னு சொன்னா நான் விழுந்ததுதான். காலையில தலைக்குத்தான் குறி வெச்சார், கை குறுக்கே போயிடுச்சு. இன்னிக்கு வீட்டுக்குப் போனா..."

எக்ஸ்-ரே அக்கா ஒரு புது ஃபிலிமை எடுத்தாள்.

"அப்ப அவர் வாயாலயே சொல்ல வைப்போம். சம்மதமா?"

டாக்டரின் மனைவி மெல்லக் கையை மேஜை மேல் வைத்தாள். தங்கை நகர்ந்து இடம் விட்டாள்.

மதியம் இரண்டு மணி. கருத்தரங்க அறை.

சக்கரவர்த்தியின் தர்பார் அது. மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக தினமும் மூன்று ஃபிலிம். மூன்றிலும் நோயாளியின் பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். 'பெயர் தெரிஞ்சா மூளை சோம்பேறியாயிடும்' என்பது அவர் போட்ட சட்டம். படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லி, தாளில் கையெழுத்துப் போட்டபின் ஸ்டிக்கரைப் பிரிப்பதும் அவரே. அந்தச் சுகத்தை அவர் யாருக்கும் விட்டுத் தந்ததில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். எக்ஸ்-ரே அக்கா போன் செய்து வரவழைத்திருந்தாள்.

"அட, போலீஸும் வந்திருக்கா? உட்காருங்க. நாலு விஷயம் கத்துக்கலாம்."

இரண்டு ஃபிலிம்கள் முடிந்தன. அக்கா மூன்றாவதை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். வெளிச்சத்தில் அந்த முறிவு... அன்று தங்கையின் எலும்பில் பார்த்த அதே முறிவு!

சக்கரவர்த்தி தொண்டையைச் செருமினார்.

"இடது முன்கை. பொம்பளை. பேஷண்ட் என்ன சொன்னா?"

"விழுந்துட்டேன்னு சொன்னாங்க சார்" என்றாள் அக்கா.

"பொய்!"

மாணவர்கள் நிமிர்ந்தார்கள்.

"விழறவ கையை ஊனுவா. மணிக்கட்டு போகும். இங்க மணிக்கட்டு சுத்தமா இருக்கு. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவுல குறுக்கே முறிஞ்சிருக்கு. தலைக்கு வந்த அடியை இப்படிக் கையால தடுத்திருக்கா. தடி மாதிரி ஏதோ ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தாள். "விழுந்திருக்க வாய்ப்பே இல்லையா சார்?"

"என் சர்வீஸ்ல இந்த மாதிரி நூறு பார்த்திருக்கேன்மா. மேல இந்தப் புடைப்பைப் பாருங்க. பழைய முறிவு, தானா கூடியிருக்கு. இது முதல் அடி இல்ல. இவளை மறுபடி வீட்டுக்கு அனுப்பினா, அடுத்த தடவை நாம பார்க்கப்போறது மண்டையோட்டை."

கைதட்டல்!

சக்கரவர்த்தி சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். புன்னகையோடு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

பிரித்தார்.

புன்னகை அப்படியே நின்றது. முகம் மட்டும் அதற்குப் பின்னாலிருந்து கழன்றுபோனது.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து தாளை எடுத்துக்கொண்டாள். "உங்க ஒய்ஃப் எங்க ஜீப்ல பத்திரமா இருக்காங்க சார். புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. இந்தத் தாளுக்குத்தான் காத்திருந்தோம்."

"இது... அவசரத்துல சொன்னது. செல்லாது. வேற டாக்டரைக் கேளுங்க."

"கேட்கலாம் சார். ஆனா உங்க தீர்ப்பை மறுத்துப் பேசினவங்களை எல்லாம் நீங்களே டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டீங்களாமே!"