மேட்டில் ஒரு பேரம்

தள்ளுபடி நாளில் கடைக்கதவு திறப்பதற்கு முன் ஒரு கூட்டம் முண்டியடித்து நிற்குமே, அப்படி நின்றார்கள் அறுபது பெண்கள். முழங்கைகள் இடித்தன. ஷூக்கள் மிதிபட்டன. எல்லோர் கண்ணும் எதிரே தெரிந்த மேட்டின் மேல்.

அந்தக் கூட்டத்துக்குள் குண்டூசியும் இருந்தாள். நாம் சொன்னால்தான் தெரியும். அவ்வளவு குட்டை.

உயர்நிலைப் பள்ளிகளுக்கான கிராஸ் கன்ட்ரி ஓட்டம் அது. மைதானத்தைச் சுற்றி வரும் சமாசாரம் அல்ல. மேடு, சேறு, தோப்பு என்று நாலு கிலோமீட்டர். பள்ளிக்கு ஆறு பேர். அதில் முதலில் வரும் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். எந்தப் பள்ளியின் கூட்டுத்தொகை குறைவோ அதற்குக் கோப்பை.

"எல்லா இடத்துலயும் நிறைய எடுத்தாதானே சார் பரிசு? இங்க மட்டும் என்ன, குறைச்சா பரிசு?" என்று பயிற்சியின் முதல் நாளே கேட்டாள் குண்டூசி.

"பாத்திரக்கடை வீட்டுப் பொண்ணு கேக்குற கேள்வியா இது? குறைச்சா சந்தோஷம்னு உனக்கா நான் சொல்லணும்?" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

இப்போது அதே ஆசிரியர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "ராக்கெட் முதல்ல வந்துடுவா, தெரியும். ஆனா அவ மட்டும் வந்தா கோப்பை வராது. அஞ்சாவது ஆள்தான் முக்கியம். நெட்டை, கேக்குதா?"

நெட்டை தலையாட்டினாள். அணியில் அவள்தான் ஐந்தாவது. போன வருடம் கடைசி மேட்டில் அவளைப் போட்டிப் பள்ளியின் இரண்டு நீலச்சட்டைகள் தாண்டிப் போனதில் கோப்பையும் கூடவே போயிற்று. ஒரு வாரம் அவள் யாருடனும் பேசவில்லை. பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

குண்டூசி ஆறாவது. அவள் இடம் கூட்டலிலேயே வராது.

விசில்!

கதவு திறந்தது போல் கூட்டம் பாய்ந்தது. ராக்கெட் பெயருக்கேற்றபடி பறந்தாள். குண்டூசி அவசரப்படவில்லை. தள்ளுபடி நாளில் முதலில் பாய்கிறவர்கள் பாதிக் கடையிலேயே மூச்சு வாங்கி நாற்காலி தேடுவதை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

அதேதான் நடந்தது. சேறு வந்ததும் பாய்ந்தவர்கள் தள்ளாடினார்கள். ஒருத்தி, இரண்டு பேர், ஐந்து பேர் என்று தாண்டிக்கொண்டே போனாள். முகமெல்லாம் சேறு. மனமெல்லாம் குஷி.

மூன்றாவது கிலோமீட்டரில் கடைசி மேடு தொடங்கியது. அங்கே ஒரு நீண்ட உருவம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது.

நெட்டை!

"என்னடி ஆச்சு?"

"விலாவுல பிடிச்சுக்கிச்சு. நாலு நீலச்சட்டை முன்னாடியே போயாச்சு. அஞ்சாவது இப்பத்தான் என்னைத் தாண்டிப் போறா. என்னால முடியாது. நீ போ."

நாற்பது அடி தள்ளி அந்த ஐந்தாவது நீலச்சட்டை மேடேறுவது தெரிந்தது.

'முடியாது' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் குண்டூசி. அம்மாவின் கடையில் ஒரு நாளைக்கு நூறு 'முடியாது' விழும். ஒன்றுகூட கடைசிவரை நின்றதில்லை.

"சரி, ஓட வேண்டாம்," என்றாள். "அந்தத் தண்ணித்தொட்டி வரைக்கும் சும்மா மெதுவா வா."

"அவ்வளவு தூரமா? முடியாது. இந்தப் பாறை வரைக்கும்."

"பாறை ரொம்பக் கம்மி. கட்டுப்படியாகாது. சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அந்த வளைஞ்ச மரம்!"

"மரத்தோட நின்னுடுவேன்."

"தாராளமா நில்லு!"

இருவரும் ஓடினார்கள். மரம் வந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு மேட்டு உச்சியைப் பார்க்காம போறதா? பத்தே அடி."

"பத்தா? முப்பது இருக்கும்டி!"

"இருபதுன்னு வெச்சுக்கோ. வா."

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு கொஞ்சம் சீரானது. உச்சி வந்தது. தோப்பு வந்தது. கம்பம், வேலி, சிவப்புக் கொடி என்று ஒவ்வொன்றாகப் பேரம் படிந்துகொண்டே போயிற்று. நீலச்சட்டை இருபது அடியில் இருந்தாள்.

முடிவுக் கோடு கண்ணில் பட்டது. முந்நூறு மீட்டர்தான். அங்கே போய் நெட்டை மறுபடியும் நின்றுவிட்டாள்.

"போதும். இனி என்ன சொன்னாலும் வரமாட்டேன்."

குண்டூசி முடிவுக் கோட்டைப் பார்த்தாள், நெட்டையைப் பார்த்தாள். பிறகு கடைவாசல் ஞாபகத்துக்கு வந்தது. பேரம் படியாதபோது கெட்டிக்கார வாடிக்கையாளர்கள் வாயைத் திறப்பதே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். மூன்றாவது படியில் கால் வைப்பதற்குள், "அட, நில்லுங்க!" என்று அம்மா அலறுவார்.

"சரி, வேண்டாம்," என்றாள் குண்டூசி. "நானே அஞ்சாவதா போய்க்கிறேன். வரட்டுமா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். மனதுக்குள் எண்ணினாள். ஒரு அடி... இரண்டு... மூன்று...

"ஏய்! நில்லுடி! யாருடி அஞ்சாவது?"

பின்னால் தடதடவென்று சத்தம். நீளக் கால்கள் இரண்டும் கோபத்தில் கிளம்பிவிட்டன! காற்றாக வந்த நெட்டை அவளைத் தாண்டினாள். நீலச்சட்டையையும் தாண்டினாள். கயிற்றின் இருபுறமும் ஒரே கூச்சல்.

"குண்டூசி, நீயும் விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார் ஆசிரியர்.

இடம்தான் கூட்டலில் வராதே, எதற்குக் கத்துகிறார் என்று யோசிக்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தாள். கடைசி அடியில் நீலச்சட்டையின் தோளை முந்திக்கொண்டு விழுந்தாள்.

கையில் எண் அட்டைகளைத் திணித்தார்கள். நெட்டைக்குப் பதினேழு. குண்டூசிக்குப் பதினெட்டு. நீலச்சட்டைக்குப் பத்தொன்பது.

கால் மணி நேரம் யாராலும் உட்கார முடியவில்லை. ராக்கெட் நகம் கடித்தாள். ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

"நீலச்சட்டை அணி, நாற்பத்தெட்டு. முதலிடம், நாற்பத்தேழு..."

பள்ளியின் பெயரைச் சொன்னார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துவிட்டார்கள். அடியில் இருந்தவள் வழக்கம்போல் குண்டூசி.

அவளை வெளியே இழுத்து ஆசிரியர் சொன்னார்: "உன் இடம் நம்ம கூட்டல்ல வராதும்மா. ஆனா நீ நடுவுல புகுந்ததால அந்தப் பொண்ணு பதினெட்டுக்குப் பதிலா பத்தொன்பது ஆயிட்டா. இல்லேன்னா ரெண்டு அணியும் நாற்பத்தேழுல சமமா நின்னுருக்கும்."

குண்டூசிக்கு வாயெல்லாம் பல்.

நெட்டை கோப்பையை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லணும். நான் வராம இருந்திருந்தா, நிஜமாவே என்னை விட்டுட்டுப் போயிருப்பியாடி?"

குண்டூசி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அசல் விலை என்னவென்று எந்தக் கடைக்காரர் வாய்திறந்து சொல்லியிருக்கிறார்?