முந்தின வரி

மூடப்போன லிஃப்டுக்குள் அவள் பாய்ந்தாள். உள்ளே நின்றவனின் காபி மொத்தமும் அவன் வெள்ளைச் சட்டையில்!

"கண்ணு தெரியலையா?"

"நட்டநடுவுல நின்னா இப்படித்தான்!"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மூன்று நாட்களாக அந்த வார்த்தையே அவளுக்குக் கசந்தது...

அவள் வேலை பார்த்த பஸ் டிக்கெட் நிறுவனத்தின் சர்வர், திங்கட்கிழமை நாற்பது நிமிடம் படுத்துவிட்டது. அதை நிறுத்திய கட்டளை அவள் பெயரில் போயிருந்தது. "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துடு, விட்டுடறேன்" என்றார் மேனேஜர். "செய்யாத தப்புக்கா?" என்றாள். சர்வர் பதிவுகளைப் பார்க்கும் அனுமதியே பறிபோனது. வீட்டில் அம்மாகூட, "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்டி" என்றாள்.

மழையில் நனைந்த அவள் இமைகளையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். முறைத்தாள். அவசரமாகக் கூரையைப் பார்த்தான்... சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்து, மீட்டிங் அறையில் அதே காபிக் கறை! விசாரிக்க வெளியிலிருந்து வந்தவனே அவன்தான்.

"சர்வர் பதிவுல மூணு லட்சம் வரி. நான் எழுதின பைத்தான் புரோகிராம், இந்த ஸ்கிரிப்ட், வடிகட்டினதுல இவங்க பேர்ல பதினேழு வரி. கடைசி வரி, சர்வரை நிறுத்தினது" என்றான் மேனேஜரிடம்.

"என் பேர் இருக்கற வரியை மட்டும் பொறுக்கினா என் பேர்தானே வரும்?"

"இதே ஸ்கிரிப்டைப் பன்னண்டு கம்பெனியில ஓட்டியிருக்கேன்."

"பன்னண்டு பேரை மாட்டி விட்டீங்களா?"

அவன் முகம் சிவந்தது. மேனேஜர் மேஜையைத் தட்டினார். அவள் அசையவில்லை.

"அந்த வரிக்கு முந்தின வரி ஒண்ணுல என் பேர் இருக்காது. எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து உள்ள வந்தாங்கன்னு மட்டும்தான் இருக்கும். அதை உங்க ஸ்கிரிப்ட் தூக்கிப் போட்டிருக்கு. போன வாரம் நான் லீவுல இருந்தப்போ அவசரம்னு மேனேஜர் என் பாஸ்வேர்டை வாங்கினார். சொன்னேன்... யாரும் நம்பலை."

"என் ஸ்கிரிப்ட் தப்பு பண்ணாது" என்றான். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

"அப்ப பாக்கறதுக்கு என்ன பயம்?"

அவள் கண்களில் கண்ணீர் இல்லை... கெஞ்சல் இல்லை. என்னைப் பார்த்து இப்படி யாரும் கேட்டதே இல்லையே! அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் விரல்கள் படபடவென ஓடின. பெயருக்குப் பதில், சர்வரை நிறுத்திய வரியில் இருந்த நுழைவு எண்ணைக் கொடுத்தாள். அந்த எண் உள்ள வரிகளை மட்டும் எடு என்றாள். மூன்று லட்சம் வரிகள் நான்காகச் சுருங்கின. முதல் வரியிலேயே ஒரு கம்ப்யூட்டரின் முகவரி.

மேனேஜர் அறைக் கம்ப்யூட்டர்.

மேனேஜர் மெல்லச் சிரித்தார். "தம்பி, இது இந்த ரூமோட இருக்கட்டும். வருஷம் பூரா உங்களுக்கு இங்க வேலை இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அந்த நான்கு வரிகளையும் கம்பெனி முதலாளிக்கு அனுப்பினான், மேனேஜர் கண்ணெதிரிலேயே. கூடவே ஒரு வாக்கியம்: 'என் முதல் அறிக்கை தவறு.'

மாலையில் பஸ் நிறுத்தத்தில் மழை வலுத்திருந்தது. மேனேஜரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவன் தொப்பலாக நனைந்தபடி ஓடி வந்தான்.

"அந்தப் பன்னண்டு கம்பெனி பதிவையும் திரும்பப் பாக்கப் போறேன்... தூக்கம் வராது."

"பாக்கணும்" என்றாள் அவள். இரக்கமே காட்டவில்லை. ஆனால் குரல் குழைந்திருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்... மேனேஜர் முன்னாடியே உங்ககிட்ட தோத்தேன். அவமானமா இருந்திருக்கணும். ஆனா உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்..."

"சுத்தி வளைக்காம சொல்ல வராதா?"

"பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. கதவு மூடி, பஸ் போய்விட்டது.

"எனக்கும்தான்" என்றாள், அவன் கண்களை நேராகப் பார்த்து. "யார் என்ன சொன்னாலும்."