பூனை தலை வைத்த இடம்

தறிக்குழிக்குள் படுத்திருந்த பூனையின் தலை மெல்ல உயர்ந்தது, மெல்லத் தாழ்ந்தது. கண் மூடியபடியே இருந்தது. தாடைக்குக் கீழே ஒன்றுமில்லை.

றபீக்கா கதவோரம் நின்று பார்த்தாள். அவள் புருஷன் அபூசாலி சாரன் நெய்த காலத்தில் பூனை இப்படித்தான் தூங்கும். குழிக்குள் மிதியை மிதிக்கும் அவனுடைய புறங்காலில் தாடையை வைத்து, கால் ஏறி இறங்கத் தானும் ஏறி இறங்கும். அப்படியொரு சோம்பேறி. அபூசாலி காய்ச்சலில் மௌத்தாகி, அவள் வீட்டுக்குள் அடைந்து இத்தா இருக்கத் தொடங்கியும் அது பழைய இடத்தை விடவில்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வந்திட்டீங்களா மச்சான்?" என்று குழியைப் பார்த்துக் கேட்டாள்.

அதன் பிறகுதான் பூனை இடம் மாறியது. முதலில் அவளுடைய அறை வாசலில் படுத்தது. பிறகு அவள் பாயின் கால்மாட்டில். எங்கே படுத்தாலும் தாடை மட்டும் தரையைத் தொடவில்லை. அந்த இடத்தில் நூலுக்குப் போடும் கஞ்சிப் பசையின் புளித்த வாசனை அடித்தது. தறியில் பசை காய்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"பூனை சூடு தேடிப் படுக்கிதுடி. நீ மனசப் போட்டுக் குழப்பாம ஓது" என்றாள் அக்காள் ஹவ்வா.

றபீக்கா ஓதினாள். ஆனால் மனம் அவனுடைய உடலோடு சந்தூக்கைத் தூக்கிய நேரத்துக்கே போய் நின்றது. அன்று அவள் கைக்குழந்தையை உயர்த்திப் பிடித்துக் கதறியிருந்தாள்: "எங்களயும் கூட்டிட்டுப் போங்களன் மச்சான்!" ஹவ்வா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "மையித்துக்கு முன்னால ஒப்பாரி வெக்காத. அதுக்குக் கேக்கும்."

அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. ஹவ்வா கிணற்றடிக்குப் போயிருந்தாள். கிடுகுச் சுவரின் ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழ, கடற்காற்றில் தறியின் நூல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுத்தன. றபீக்கா திரும்பிப் பார்த்தாள்.

பூனை பிள்ளை தூங்கும் ஏணைக்குக் கீழே படுத்திருந்தது.

காற்று நின்றது. ஏணை ஆடிக்கொண்டே இருந்தது.

ஓடிப்போய்ப் பிள்ளை சுல்பிகாவை வாரி எடுத்தாள். முன்வாசலுக்கு ஓடினாள். "ராத்தா!" கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. ஹவ்வாவுக்குக் கேட்கவில்லை. ஒழுங்கையில் தொழப் பள்ளிக்குப் போகும் ஆண்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது. இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண்கள் முன்னால் போய் நிற்பதா? வாசற்படியில் அவள் கால் தயங்கியது.

கொஞ்ச நேரந்தான்.

பூனை எழுந்து சோம்பல் முறித்தது. நடந்து வந்தது. அவள் கால் விரல்களுக்கு நேர் எதிரே சுருண்டு படுத்து, தாடையை அந்தரத்தில் தூக்கி வைத்தது.

கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது.

"வேணாம் மச்சான்... தெரியாமச் சொல்லிட்டன். பிள்ளைய விட்டுடுங்க."

சுல்பிகா சிரித்தாள். எதிரே இருந்த வெறும் இடத்தை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். றபீக்கா இறுக்கி அணைத்தாள். இன்னும் இறுக்கினாள்.

காலடியில் பூனை குறுகுறுத்துத் தூங்கியது. அவள் கைகளில் பிள்ளையின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.