அம்மாவுக்கு மட்டும்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில் அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய மேசையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜெயபாரதி. கட்டிலின் கால்மாட்டில், நைட் ஷிப்டுக்காகப் பகலெல்லாம் தூங்கி எழுந்த முகத்தோடு அவள் கணவன் கந்தப்பன். நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு, அறுந்த ஒயரை மடியில் வைத்துக்கொண்டு, இன்டர்நெட் லைன் பார்க்கும் முனீஸ். பிறகு எத்தனையோ முறை அவள் அதை எண்ணிப் பார்த்தாள். மூன்றே பேர்.

"சாக்கடைக்குக் குழி தோண்டுறேன்னு ஜேசிபிக்காரன் மொத்தத்தையும் இழுத்துட்டாம்க்கா. புதுசா லைன் இழுக்கணும். ஒரு வாரமாவது ஆகும்" என்றான் முனீஸ்.

"ஒரு வாரமா? அஞ்சு மணிக்குள்ள டிசைன் போகோணுமுங்க. மிஷின்ல துணிய மாட்டிட்டு உக்காந்திருக்கறாங்க."

"அது ஜேசிபிக்குத் தெரியாதேக்கா."

கந்தப்பன் லேசாகச் சிரித்தான். நான்கு மாதங்களில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கம்பெனிகள் அனுப்பும் பூவையும் பெயரையும் எம்பிராய்டரி மிஷினுக்குப் புரியும் தையலாக மாற்றிக் கொடுப்பது ஜெயபாரதியின் வேலை. வேலம்பாளையத்தில் இந்த வீட்டிலிருந்தபடியே எட்டு வருடங்களாகச் செய்கிறாள். அவள் செல்போனில் அன்றைய டேட்டா மதியமே தீர்ந்துவிட்டது. கந்தப்பனுடையது பட்டன் போன். மணி நாலே முக்கால். கண் திரையில், கை மவுசில். லைன் போகும்போதெல்லாம் மூன்று வருடங்களாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் அவளை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டன.

"கண்ணு, நெட்டு போடு சாமி."

கந்தப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இந்தத் தெருவுக்குப் புதியவனான முனீஸ், யாரைக் கூப்பிடுகிறாள் என்று உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பக்கத்து நிட்டிங் யூனிட்டின் இரைச்சல் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் அசைந்தது. நான்கு கோடுகளில் ஒன்று நிறைந்தது. அதன் கீழே பெயர்: அம்மாவுக்கு மட்டும்.

"தம்பி போட்டுட்டாப்லயே! பொறவு என்னக்கா, வேலையப் பாருங்க" என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டு முனீஸ் கிளம்பிவிட்டான்.

மகன் மாதவன் தன் போனுக்கு வைத்த பெயர் அது. காலேஜ் நண்பர்கள் ஹாட்ஸ்பாட் கேட்டு நச்சரிக்கக் கூடாதென்று வைத்தது. தினம் ஒன்றரை ஜிபி, ஒரே தடவையில் ஒரு வருடத்துக்குப் போட்டால் மலிவு என்று கணக்குச் சொல்லி, "இனி ஒரு வருசத்துக்கு உனக்கு நெட்டுக் கவலையே இல்லம்மா" என்றான். ஐந்தாவது மாதம் கணியூரில், தாய்மாமன் தோப்புக் கிணற்றில் கால் கழுவ இறங்கியவன் வழுக்கி விழுந்தான். தீயணைப்புக்காரர்கள் மறுநாள்தான் அவனை எடுத்தார்கள். பேன்ட் பாக்கெட்டில் இருந்த போன் வரவில்லை. அறுபது அடிக் கிணற்றின் சேற்றில் அது இன்னும் கிடக்கிறது.

"பழசு ஏதாச்சும் உள்ள பதிஞ்சு கெடந்திருக்கும்" என்றான் கந்தப்பன், திரையைப் பார்க்காமல்.

"டிசைன் போயிருச்சுங்க."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

அன்று அவன் சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனான்.

சனிக்கிழமை பகலில் கந்தப்பன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, தெரிந்தே கூப்பிட்டாள். ஒரு கோடு. மாலையில் கூப்பிட்டபோது இரண்டு. முனீஸுக்குப் போன் போட்டு, கோடு கூடுவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"தூரம்தாங்க்கா. ஒரு கோடுன்னா போன் எங்கயோ தள்ளிக் கெடக்குன்னு அர்த்தம். கிட்ட வர வரக் கூடும்."

அவளுக்குப் பயம் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கும் ஒரு சந்தோஷம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையே கிடையாது. ஏழு முறை கூப்பிட்டாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஊர் முழுக்க இருக்கிற சாயத்தண்ணீர் நெடி அல்ல, அவளுக்கு அது மூக்கிலேயே ஏறாது. இது வெயில் படாத கல்லில் படர்ந்த பாசியும் துருப்பிடித்த மோட்டார் குழாயும் அழுகிய தென்னம்பாளையும் சேர்ந்த வாசனை. முதலில் மேசைக்கு அடியிலிருந்தும், பிறகு அவள் சேலைத் தலைப்பிலிருந்தும், கடைசியில் அவள் குடிக்க எடுத்த தண்ணீரிலிருந்தும் வந்தது. பக்கத்து யூனிட்டின் இரைச்சலுக்கு அடியில், காதைக் கூர்மையாக்கினால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, வேறொரு சத்தமும் இருந்தது. கல்லில் நகம் கீறும் சத்தம். ஒரு பிடி. ஒரு சறுக்கல். மறுபடி ஒரு பிடி.

ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு படி.

செவ்வாய்க்கிழமை மூன்று கோடு. சத்தம் மாறியிருந்தது. ஈரக் கால்கள் தார் ரோட்டில் ஒட்டிப் பிரியும் சத்தம். கணியூரிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து பல்லடம் என்று அவள் மனசு வழியை எண்ணியது. செருப்பு கூட இல்லாமல் வருகிறானே என்று முதலில் அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவன் உடம்பை மின்மயானத்தில் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு சின்னக் கலயத்தில்தான் வாங்கி வந்தார்கள்.

எதை வைத்து நடக்கிறான்?

அன்று அவள் கூப்பிடவில்லை. புதன்கிழமை காலையிலும் வாயைத் திறக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு கம்பெனியிலிருந்து போன் வந்தது. "அக்கா, டிசைன் எங்கக்கா?" அவள் அவசரமாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். முடித்து வைத்திருந்த ஃபைலைத் தேடினாள். தேடிக்கொண்டே,

"கண்ணு, நெட்டு..."

நிறுத்தினாள்.

நான்கு கோடு.

நாற்காலிக்குப் பின்னால் குளிர்ந்தது. யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. பாசி வாசனை. மிக அருகில், நீர் நிரம்பிய ஒரு மூச்சு. அவள் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

திரையில் டிசைன் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. கந்தப்பன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பாரதி. திரும்பாத."

"வந்துட்டானுங்க."

"தெரியுது. நீ கூப்புடறது எனக்கும் கேட்டுட்டுத்தான் இருக்குது. தூங்கறேன்னு நெனச்சியா?" அவன் குரல் உடைந்தது. "நீ கூப்புட்டா சோத்துக் கையோட எந்திரிச்சு வருவான். இன்னும் எத்தன தூரம் புள்ளைய நடக்க உடுவே? உட்டுரு."

"இனிமே கூப்புடாம இருந்தாப் போதாதுங்களா?"

"இப்ப என்ன பண்ணுனே? வாய் தவறித்தான கூப்புட்டே?"

பிளானில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. அதுவரைக்கும் வாய் தவறாமல் இருக்க அவளால் முடியாது.

சிம் மாதவன் பெயரில் இருந்ததால் அதை ரத்து செய்யத் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில்தான் எழுத வேண்டும் என்று செல்போன் கடையில் சொன்னார்கள். அன்று மாலையே எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. பள்ளிக்கூடத்தில் கற்ற அதே வரிசை. 'மேற்படி எண்ணைப் பயன்படுத்தி வந்த என் மகன் இறந்துவிட்டபடியால்' என்ற இடத்தில் பேனா நின்றது. நான்கு மாதங்களில் அந்த வார்த்தையை அவள் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. எழுதினாள். இறப்புச் சான்றிதழின் நகலை மடித்து உள்ளே வைத்தாள். பசை தடவி ஒட்டி, ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாள். முதுகுக்குப் பின்னால் குளிர் அப்படியே நின்று, அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கந்தப்பன் வண்டியை எடுத்தான். இரண்டு பேர்தான் ஏறினார்கள். ஏற்றத்தில் வண்டி மூன்று பேரைச் சுமப்பது போல முக்கியது. தபால் அலுவலகத்துக்கு உள்ளே வர அவனால் முடியவில்லை, வண்டியைப் பிடித்தபடி வெளியே நின்றான்.

கவுண்டரில் இருந்த பெண் கவரை எடைபோட்டாள். பின்கோடைச் சரிபார்த்தாள். தலையை நிமிர்த்தி, ஜெயபாரதியின் இடது தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏனுங்க, தம்பியக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. தலையில இருந்து சொட்டுது பாருங்க, கவரெல்லாம் நனையுது."

ஜெயபாரதி திரும்பவில்லை. விலாசத்தின் மேல் மை கரைந்து பரவிக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றாள். "தள்ளி நில்லு சாமி."

இடது தோளில் இருந்த குளிர் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு அடி விலகியது.

"பாவம், நல்ல பையன்" என்றாள் அந்தப் பெண். கவரைத் துணியால் துடைத்து, முத்திரை குத்தி, பின்னால் வாய் திறந்திருந்த பைக்குள் போட்டாள். ரசீதைக் கிழித்தாள். அதை ஜெயபாரதியிடம் தரவில்லை. கையை நீட்டி, பக்கத்தில், யாருமில்லாத இடத்தில் கொடுத்தாள்.

"இந்தா தம்பி, அம்மாவுக்கு எடுத்து வெய்யி."

அவள் விரல்கள் ரசீதை விட்டன.

அது கீழே விழவில்லை.